நோயாளிக்கு விருப்பமில்லை

சிதம்பரம்
6.1.2012

மாப்பிள்ளை தேவநாதனுக்கு சிங்காரம் எழுதுவது.

நலமா என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைதானே நேரில் பார்த்தேன். புயல் உன் வீட்டு ஓடுகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, உன்னை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கடலூரில் இன்னும் கரண்டு வரவில்லை, செல்போன் டவரும் படுத்துவிட்டது என்கிறார்கள். அதனால் கடிதம். டவர் நின்றிருந்தாலும் கடிதம்தான் போட்டிருப்பேன். என் நம்பரைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய்.

அன்றைக்கு ஆட்டோவில் ஆறு கேன் தண்ணீர், இரண்டு தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். என் தங்கச்சி சின்னம்மாள் அடுப்பு மூட்ட இடமில்லாமல் தெருவில் கல்லைக் கூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள். உன் மருமகன், நம் ரேகா புருஷன் அன்பரசு புவனகிரியிலிருந்து மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, பீரோவில் நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாக வாசலில் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன். அவன் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவன்தான் அந்தப் பெரிய கறுப்பு ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து, "மாமா, இதுல உங்க பேரு போட்டிருக்கு" என்றான். நான் கேலியாக, என் கல்யாண போட்டோவின் நெகட்டிவ்வாக இருக்கும், பத்திரமாக வை என்றேன். அதோடு பின் அடித்திருந்த காகிதத்தை அவன் படித்தான். இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னான்.

"புரோஸ்டேட் சுரப்பியில முன்பக்கம் சந்தேகப்படுற மாதிரி ஒரு இடம் இருக்குதாம். அந்த இடத்தைக் குறிவச்சு ஊசியில சதை எடுத்து புத்துநோயான்னு பாக்கணும்னு போட்டிருக்கு. தேதி ஜூலை இருபத்திரெண்டு. எடுத்துட்டீங்கதானே மாமா?"

நீ பக்கத்தில்தான் ஈர ரேஷன் கார்டை விசிறிக்கொண்டு நின்றாய். உன்னைப் பார்த்தேன். நீ ரேஷன் கார்டைப் பார்த்தாய். பிறகு உள்ளே போய்விட்டாய். நான் அன்பரசுவிடம் இதை ரேகாவிடம் சொல்லாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சின்னம்மாள் சோறு ஆகிவிட்டது என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஜூலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நீ என்னிடம் என்ன சொன்னாய்? பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நீதான் ரிப்போர்ட்டை வாங்கி வந்தாய். நான் ஐந்தாம் கிளாஸ், தினசரி பேப்பர் மட்டும் படிப்பேன், இங்கிலீஷ் என்றால் நீதான் என் கண். "ஒண்ணுமில்ல மச்சான், சுத்தமா இருக்கு" என்றாய். நான் சிதம்பரத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் பதினேழு ஆட்டோக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ தப்பாகப் படித்தாயா, சரியாகப் படித்துவிட்டு மறைத்தாயா? தப்பாகப் படித்தேன் என்று எழுது, நம்பிவிடுகிறேன். உன் இங்கிலீஷ் பேரில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
11.1.2012

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். தாங்கள் கொடுத்த வழியில் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சரியாகத்தான் படித்தேன். இரண்டு முறை படித்தேன். டாக்டரும் என்னை உட்கார வைத்து விளக்கினார்.

அவர் சொன்னதை இப்போதாவது முழுதாக எழுதுகிறேன். 2010-இல் தங்களுக்குப் பன்னிரண்டு ஊசி போட்டு சதை எடுத்தபோது எங்கே கோளாறு என்று தெரியாமல், சுரப்பி முழுக்கப் பொதுவாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ரத்தத்தில் அந்த பி.எஸ்.ஏ. என்ற எண் ஒன்பதிலிருந்து பதினான்குக்கு ஏறிவிட்டது. அதனால்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் முன்பக்கம், பழைய ஊசிகள் எட்டாத இடத்தில், ஒரு நிழல் தெரிந்தது. இனி அந்த இடத்தையே குறிவைத்து எடுக்க வேண்டும், அழைத்து வாருங்கள் என்றார்.

அப்போது ரேகாவின் கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அவளுக்கு இரண்டு இடம் தட்டிப்போனது தங்களுக்குத் தெரியும். தாய்மாமன் தாங்கள்தான், பட்டம் கட்ட வேறு ஆள் கிடையாது. தாய்மாமனுக்குப் புற்றுநோயாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம் என்று புவனகிரிக்காரர்கள் கேள்விப்பட்டால் சகுனம் சரியில்லை என்று தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்தால் அது போய்விடும். இந்த வகை பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கல்யாணம் முடிந்த மறுவாரமே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு மறுவீடு, தலைதீபாவளி, மழை, புயல்.

தங்கள் தங்கை, அண்ணன் ஏன் சாப்பிடாமல் போனார் என்று தினமும் கேட்கிறாள். ஸ்டாண்டில் அவசரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து வாருங்கள். பாண்டிச்சேரி போகலாம்.

இப்படிக்கு,
தேவநாதன்


சிதம்பரம்
18.1.2012

மாப்பிள்ளைக்கு,

பொங்கல் சீர் எங்கள் ஸ்டாண்டு ஜமாலுதீன் பாய் கையில் கொடுத்தனுப்பினேன், சேர்ந்திருக்கும். கரும்பு கொஞ்சம் மெலிசு. நல்ல கரும்பு எல்லாம் உங்கள் பக்கம் புயலில் படுத்துவிட்டது. அண்ணன் ஏன் வரவில்லை என்று தங்கச்சி கேட்டிருப்பாள். அதற்கும் ஒரு அவசரம் கண்டுபிடித்திருப்பாய். பள்ளிக்கூட ஆபீசில் லீவு லெட்டர் வாங்கி வாங்கிப் பழகிய கை, காரணத்துக்கா பஞ்சம்?

கடிதம் கிடைக்கப் பெற்றாயாம். நானும் கிடைக்கப் பெற்றேன். ஹெட்மாஸ்டருக்கு எழுதின மாதிரி இருந்தது.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆத்திரமாக வருகிறது. ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை. ஆடி மாசத்தில் திருவந்திபுரத்தில் நான் மொட்டை போட்டுக்கொண்டேனே, அது.

சுத்தமா இருக்கு என்று நீ சொன்னதும் பெருமாளுக்கு முடி கொடுக்கிறேன் என்று நான்தான் அவசரப்பட்டேன். கல்யாணம் முடியட்டும், போட்டோவில் அசிங்கமாக இருக்கும் என்று நீ தடுத்தாய். நீ போட்டோவுக்காகச் சொல்கிறாய் என்று நினைத்து உன்னை ஓட்டினேன். என் சட்டையைக் கழற்றி உன் கையில்தான் கொடுத்தேன். நாவிதன் தலையை வழித்துக்கொண்டிருக்கும்போது, சாமி பேரையும் உன் பேரையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள், ஒரு தேவநாதனுக்கு முடி, இன்னொரு தேவநாதனுக்குச் சட்டை என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து உனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாய்.

அந்தச் சோடாவை எப்படிக் குடித்தாய் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

என் பெண்சாதி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. ரேகாவைத்தான் தோளில் தூக்கி வளர்த்தேன். அவள் நெற்றியில் பட்டம் கட்டும்போது மாமன் அழுகிறான் என்று பெண்கள் கேலி செய்தார்கள். நீ மட்டும் எனக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எதிரில் நின்றாய். நான் இருந்தது ஒரு கல்யாணம், நீ இருந்தது வேறு கல்யாணம்.

நீ என்னிடம் வந்து, "மச்சான், இப்படி இருக்குதாம், கல்யாணம் முடியட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? முடியட்டும்டா, வாயை மூடிக்கொண்டிரு என்று நானே சொல்லியிருப்பேன். அதைச் சொல்லக்கூட எனக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கவில்லை.

பாண்டிச்சேரிக்கு வருவதாக இல்லை. இன்னொரு காகிதம் கொடுப்பார்கள், அதை இன்னொருத்தர் படித்துச் சொல்வார். யார் சொன்னாலும் அது நிஜமா, இல்லை அவர் வீட்டில் கல்யாணம் கிட்ட இருக்கிறதா என்றுதான் யோசிப்பேன்.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
22.1.2012

மச்சானுக்கு,

இந்த முறை ஆபீஸ் நடையில் எழுதவில்லை.

கல்யாணத்துக்காக மறைத்தேன் என்றது பாதி நிஜம். அது செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மறைத்தது பயத்தில். சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நினைத்து ஒரு வாரம் தள்ளினேன். ஒரு வாரம் தள்ளினதும் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. தீபாவளிக்கு நீங்கள் வந்து ரேகா புருஷனுக்கு மோதிரம் போட்டுவிட்டு, சாப்பிடும்போது ஐந்து தரம் எழுந்து பாத்ரூம் போனீர்கள். நான் எண்ணினேன். எண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் அதிரசம் வைக்கச் சொன்னேன்.

அந்த ஃபிலிமைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

என்னைத் திட்டுங்கள். பேச வேண்டாம், படி ஏற வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜனவரி 30 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதே டாக்டரிடம் உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறேன். நான் வரவில்லை. யார் படித்தாலும் நம்ப முடியாது என்றால் யாரையும் படிக்கச் சொல்லாதீர்கள். டாக்டரையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவர் நன்றாகத் தமிழ் பேசுகிறார். அன்றைக்கே நான் உங்களை அவர் முன்னால் உட்கார வைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

தேவநாதன்


சிதம்பரம்
4.2.2012

மாப்பிள்ளைக்கு,

போனேன். உனக்காகப் போகவில்லை. சவாரிக்கு நடுவில் வண்டியை நிறுத்தி நிறுத்தி மூத்திரத்துக்கு இடம் தேடி, போன வாரம் ஒரு அம்மாள், டிரைவரே, நீங்க ஆட்டோ ஓட்டுறீங்களா, ஊர் சுத்திப் பாக்குறீங்களா என்று கேட்டுவிட்டாள். என்னையே ஒருத்தி ஓட்டினாள் என்றால் நிலைமை மோசம்தானே. ஜமாலுதீன் பாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் வயசில் சின்னவர். ரத்தம் எடுத்தார்கள். எண் இருபத்தொன்று. பழைய படம் உதவாது, மறுபடி எம்.ஆர்.ஐ. எடுக்கணும் என்றார். அந்தக் குகைக்குள் படுத்தால் தலைமாட்டில் கொல்லன் பட்டறை வைத்த மாதிரி சத்தம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி எனக்கே காட்டினார். சுரப்பி ஒரு பெருநெல்லிக்காய் மாதிரி இருக்கிறது. அதில் முன்பக்கம் ஒரு கறுப்பு. ஜூலையில் ஒன்பது மில்லிமீட்டர், இப்போது பதின்மூன்று.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். முதல் தடவை போட்ட பன்னிரண்டு ஊசி, பஸ் ஸ்டாண்டில் திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் கைக்குக் கிடைத்த பன்னிரண்டு பேரை விசாரித்த மாதிரி. பன்னிரண்டு பேரும் யோக்கியர்கள். திருடன் டைம் கீப்பர் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். இப்போது படத்தில் அவன் உட்கார்ந்த இடம் தெரிந்துவிட்டது, நேராக அங்கேயே போகலாம். டாக்டரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே சொல்கிறேன் என்றார்.

புதன்கிழமை எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்பக்கமாக ஒரு கருவியை விட்டு, மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஒரு பக்கம் எம்.ஆர்.ஐ. படம், இன்னொரு பக்கம் டி.வி.யில் உள்ளே தெரிகிற ஸ்கேன். இதைப் பார்த்து அதில் குறிவைக்கிறார். டக்கு டக்கு என்று பொம்மைத் துப்பாக்கி மாதிரி சத்தம். அந்த இடத்தில் நாலு, சுற்றி எட்டு. இரண்டு நாள் மூத்திரத்தில் ரத்தம் வந்தது, இப்போது இல்லை. பத்து நாள் ஆட்டோ ஓட்டக் கூடாதாம்.

இதை எழுத உட்காரவில்லை. எழுத வந்தது வேறு.

டாக்டர் என் ஃபைலைத் திறந்ததும் முகம் சுளித்தார். "இப்ப வந்து நிக்கிறீங்களே பெரியவரே, அன்னைக்கு நாங்க போன் பண்ணினப்ப வேணாம்னு சொன்னது நீங்கதானே?" என்றார். எனக்குப் புரியவில்லை. நர்ஸ் அந்த இடத்தைக் கை வைத்துப் படித்துச் சொன்னாள். ஆகஸ்ட் இருபத்தொன்பது. ஊசி எடுக்கத் தேதி கொடுத்தோம். நோயாளிக்கு விருப்பமில்லை. தகவல் சொன்னவர், மைத்துனர்.

மாப்பிள்ளை, நீ சும்மா இருந்துவிட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். அவர்கள் தேடி வந்திருக்கிறார்கள். நீ என் வாயில் ஒரு வார்த்தையை வைத்து அனுப்பியிருக்கிறாய். எனக்கு விருப்பமில்லை என்று எனக்கே தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜமாலுதீன் பாய் பக்கத்தில் இருந்தார், நர்ஸ் இருந்தாள். என் தங்கச்சி புருஷன் இப்படிச் செய்தான் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாம் டாக்டர், பயந்துட்டேன்" என்றேன். அவர் கால் மணி நேரம் எனக்கு புத்தி சொன்னார். நீ வாங்க வேண்டியதை நான் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

சிங்காரம்


கடலூர் முதுநகர்
9.2.2012

மச்சானுக்கு,

அது நிஜம். பந்தக்கால் நடப் போகிற வாரம் போன் வந்தது. வீட்டில் ஆள் நிறைந்திருந்தது. தேதியை மாற்றித் தருகிறோம் என்றாள் அந்தப் பெண். மாற்றினாலும் மறுபடி கூப்பிடுவார்கள், யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அவருக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். காப்பாற்றிவிட்டீர்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முடிவு வந்ததா? சின்னம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடவே முடியவில்லை. ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட நான் வருகிறேன். மறுக்காதீர்கள்.

தேவநாதன்


சிதம்பரம்
26.2.2012

மாப்பிள்ளைக்கு,

முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். சுற்றி எடுத்த எட்டும் இந்தத் தடவையும் யோக்கியம். குறிவைத்து எடுத்த நாலில் மூன்று அகப்பட்டுவிட்டது. ரொம்ப முரடும் இல்லை, சாதுவும் இல்லை, நடுத்தரம் என்றார் டாக்டர். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், போகவில்லை. சுரப்பியையே எடுத்துவிடலாம், ஊசி போட்ட புண் ஆறட்டும் என்று மார்ச் 26-ஆம் தேதி கொடுத்திருக்கிறார். முன்தினமே சேர வேண்டும். அப்புறம் கொஞ்ச நாள் மூத்திரம் அடங்காமல் குழந்தை மாதிரி துணி கட்டிக்கொள்ள வேண்டியிருக்குமாம். ஸ்டாண்டில் இப்போதே எனக்குத் தொட்டில் கட்ட இடம் பார்க்கிறார்கள்.

டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஜூலையிலேயே எடுத்திருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்குமா என்று. அவர் இரண்டு படத்தையும் மறுபடி மாட்டிப் பார்த்தார். "இருந்திருக்கலாம். இதேதான் இருந்திருக்கும்னும் சொல்லலாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பாத்தாகூட அது தெரியாது" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ என் உயிரில் கை வைத்தாய் என்றால் உன் முகத்தில் முழிக்க வேண்டாம். ஒன்றும் குறைந்துபோகவில்லை என்றால் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியப் போவதே இல்லை. எவ்வளவு கோபப்பட வேண்டும் என்று அளவுகூடத் தெரியாமல் செய்துவிட்டாய்.

கையெழுத்துக்கு நீ வேண்டாம். என் பேரில் நீ ஒரு தடவை பேசினது போதும். என் தங்கச்சி போடட்டும். ஆனால் அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு யார் சொல்வது?

நான் சொல்லலாம் என்றுதான் முதலில் கிளம்பினேன். பாதி வழியில் புத்தி வந்தது. நான் எதைச் சொன்னாலும் அது சிரிப்பில் போய் முடியும். உன் போனை, உன் முழியை, ரேஷன் கார்டை விசிறிக்கொண்டு நின்றதை நான் நடித்துக் காட்டினால் அவளும் ரேகாவும் அழுகையை மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். நீயும் ஓரத்தில் நின்று சிரித்துவிட்டுத் தப்பித்துக்கொள்வாய். நம் வீட்டில் மாமன் மச்சான் செய்கிற எல்லாத் தப்பும் அப்படித்தான் கழிந்திருக்கிறது. இது அப்படிக் கழியக் கூடாது.

அதனால் நீயே சொல். ரேகாவையும் அன்பரசுவையும் புவனகிரியிலிருந்து வரவழைத்து, எல்லோரையும் உட்கார வைத்துச் சொல். ஜூலை 22-இல் ஆரம்பி. திருவந்திபுரத்தைச் சொல். பந்தக்கால் வாரம் வந்த போனைச் சொல், அதில் நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொல். கல்யாணத்துக்காகத்தான் என்று ரேகா தலையில் போட்டுவிடாதே, செப்டம்பருக்கு அப்புறம் பயந்தாய் என்று எனக்கு எழுதினாயே, அதையும் சொல். சின்னம்மாள் என்ன கேட்டாலும் பதில் சொல். அவள் எழுந்து போனால் பின்னாலேயே போய்ச் சொல்.

மார்ச் 25 ஞாயிற்றுக்கிழமை நான் வரும் பாண்டிச்சேரி பஸ் காலை எட்டரைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஏற்றிவிடு. நீ ஏறாதே, கீழேயே நில். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பேன். உன்னையும் ஏறச் சொல்வதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்.

சிங்காரம்